ஐந்தரைக்குப் பிந்திய படகு

ஜூன் 3, செவ்வாய். கொழும்பு, வெள்ளவத்தை

பாராளுமன்றத்தில் எங்கள் வினா இன்றும் பின்போடப்பட்டது. விடையளிக்க இரண்டு வார அவகாசம் வேண்டும் என்று அமைச்சர் எழுந்து சொன்னார். மூன்றாம் தடவை. குணநாயகம் சேர் தலையசைத்துவிட்டு உட்கார்ந்தார். சிற்றுண்டிச்சாலையில் மீன்பொரியல் முடிந்துவிட்டால் இதைவிடக் கூடுதலாகக் கோபப்படுவார்.

வினாவை எழுதியவள் நான். அவருடைய எல்லா வினாக்களையும் நான்தான் எழுதுகிறேன். உரைகளில் பாதியையும். ஒரு பாராளுமன்ற உறுப்பினரின் ஆய்வு உதவியாளருக்குச் சம்பளம் அதற்குத்தான். ஆனால் இந்த ஒன்று —

(அ) நயினாதீவுக்கும் குறிகட்டுவானுக்கும் இடையில் மாலை ஐந்தரைக்குப் பின்னர் பயணிகள் படகு எதுவும் இல்லை என்பதை அவர் அறிவாரா?
(ஆ) யாழ்ப்பாணத்தில் சிகிச்சை பெற்றுத் திரும்பும் நோயாளர்களுக்காகப் பிந்திய சேவையொன்றை அவர் ஆரம்பிப்பாரா?
(இ) இன்றேல், ஏன்?

நோயாளர்கள் என்று பன்மையில் எழுதினேன். மனதில் இருந்தது ஒருவர். அப்பா. திங்களும் வியாழனும் பெரியாஸ்பத்திரியில் அவருக்கு இரத்தம் சுத்திகரிக்கிறார்கள். காலையில் இடமில்லை, மத்தியானம்தான் கிடைத்தது. மெஷினில் இருந்து இறங்கி, பஸ் பிடித்து, வேலணையும் புங்குடுதீவும் தாண்டிக் குறிகட்டுவான் இறங்குதுறைக்கு வரும்போது கடைசிப் படகு போயிருக்கும்.

ஆனாலும் அப்பா வீட்டுக்கு வந்துவிடுகிறார். ஜெயரூபன் அண்ணை தன் படகோடு அவருக்காக நிற்பார். அனுமதி கிடையாது. இறங்குதுறையில் கடமையில் நிற்கும் கடற்படைப் பொடியன் அந்த நேரம் மற்றப் பக்கம் பார்ப்பான். அப்பா மாத்தறையில் கடை வைத்திருந்தவர். அவனோடு சிங்களத்தில் கதைப்பார். அவன் அப்பாவை மாமா முறை வைத்து ‘மாமே’ என்பான்.

ஒரு மனிதன் வீடு வந்து சேர்வது இன்னொருவன் மற்றப் பக்கம் பார்ப்பதில் தங்கியிருக்கலாமா? அது உரிமையாக இருக்க வேண்டாமா? இப்படித்தான் யோசித்து எழுதினேன்.

ஜூன் 8, ஞாயிறு. நயினாதீவு, வீடு

அப்பாவிடம் வினாவைப் பற்றிச் சொன்னேன். பிட்டைப் பிசைந்துகொண்டிருந்த கை நின்றது.

“ஆர் உன்னைக் கேக்கச் சொன்னது?”

“ஒருத்தரும் சொல்லேல்லை. கேக்கவேண்டிய விசயம்தானேயப்பா.”

“படகு வருதோ இல்லையோ?”

“வருது.”

“பேந்தென்ன?”

அம்மா குசினியில் இருந்து சொன்னாள்: “அவள் படிச்ச படிப்புக்கு ஏதோ எழுதுறாள், விடுங்கோவன். அங்க ஆர் பதில் சொல்லப் போறான்?”

பாராளுமன்றத்தில் அம்மாவுக்குள்ள நம்பிக்கை அவ்வளவு. அதில் ஓர் ஆறுதலும் இருந்தது.

ஜூன் 18, புதன்

விடை வந்தது. (அ) ஆம். (ஆ) இல்லை. (இ) குறித்த நேரத்தின் பின்னர் அக்கடல்வழியில் பயணிகளை ஏற்றுவது பாதுகாப்பானதல்ல என்பதால்.

அதோடு முடிந்திருக்கலாம். சேர் இடையீட்டு வினாவுக்கு எழுந்தார். நான் எழுதிக் கொடுத்த தாள் கையில் இருந்தது. அதைப் பார்க்காமல் பேசினார். போன மாதம் காரில் வரும்போது நான் சும்மா சொன்ன கதையை.

“கௌரவ அமைச்சர் அவர்களே, உங்கள் அரசாங்கம் செய்யாததை நயினாதீவில் ஒரு சாதாரண படகோட்டி செய்கிறார்! தன் சொந்த எண்ணெயில், இருட்டில், அனுமதியில்லாமல், நோயாளிகளை ஏற்றி வருகிறார்! அந்த மனிதனின் காலைத் தொட்டு வணங்க வேண்டும்!”

மேசைகளில் தட்டினார்கள். ஆளும் தரப்பிலும் ஒருவர் தட்டினார்.

பேர் சொல்லவில்லை. ஊர் சொன்னார். எங்கள் ஊரில் இருட்டில் ஓடும் படகு எத்தனை?

அலுவலகத் தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டிருந்தேன். திரும்பி வந்தவர், “எப்பிடி?” என்றார். “நல்லா இருந்தது சேர்” என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன்?

ஜூன் 21, சனி

சேர் பேசிய காணொளி ஓடிக்கொண்டிருக்கிறது. ரொறொன்ரோ, லண்டன், சூரிச். ‘எங்கள் குரல்’ என்று எழுதி, கும்பிடும் கைகள் போட்டிருக்கிறார்கள்.

ஜெயரூபன் அண்ணை ரெலிபோன் எடுத்தார். “தங்கச்சி, கனடாவில இருந்து மச்சான் எடுத்தவன். என்ர காலைத் தொட்டுக் கும்பிட வேணுமாம். கழுவிப்போட்டு இருக்கிறன், எப்ப வருவினம் எண்டு உங்கட எம்.பி. ஐயாவிட்டக் கேட்டுச் சொல்லும்.”

சிரித்தார். நானும். பிறகு சிரிக்காமல், “பேர் சொல்லேல்லைத்தானே?” என்றார்.

ஜூலை 2, புதன்

அம்மன் கோயில் திருவிழா. இந்த நாட்களில் இரவிலும் படகு ஓடும். அதற்கு விசேட அனுமதி உண்டு. அதே கடல். அதே இருட்டு. அப்பாவும் அந்தக் கூட்டத்தோடு வந்து போகிறார்.

ஒன்றும் நடக்காதுபோல் இருக்கிறது.

ஜூலை 9, புதன்

மேரிசுகந்தியிடம் இருந்து அழைப்பு. பல்கலைக்கழகத்தில் என் வகுப்பு. உறுப்பினர்களின் வாக்கு, உரை, வினா எல்லாவற்றையும் எண்ணி இணையத்தில் வரிசைப்படுத்தும் ஓர் அமைப்பில் இப்போது வேலை செய்கிறாள். அரையாண்டு வரிசையில் சேர் வடக்கில் முதலாவதாம்.

“உன்ர எழுத்துத்தானடி” என்றாள்.

சேர் அதை முகநூலில் போடச் சொன்னார். போட்டேன். எதையெல்லாம் எண்ணுகிறார்கள்? கேட்டது எண்ணப்படும். கேட்டதால் என்ன ஆனது என்பதற்கு அந்த அட்டவணையில் நிரல் இல்லை.

ஜூலை 14, திங்கள்

திருவிழா முடிந்து முதல் திங்கள்.

அம்மா அழுதுகொண்டு ரெலிபோன் எடுத்தாள். மேலிடத்தில் இருந்து உத்தரவாம். ஐந்தரைக்குப் பிறகு ஒரு படகும் அசையக்கூடாது. ஜெயரூபன் அண்ணையைக் கூப்பிட்டு விசாரித்து, இன்னொருமுறை பிடிபட்டால் பகல் ஓட்டமும் இல்லை என்று எழுதி வாங்கியிருக்கிறார்கள். பொடியன் அப்பாவிடம் கையெடுத்துக் கும்பிட்டானாம்: “மாமே, என்னை வேற இடத்துக்கு மாத்திப்போடுவினம்.”

அப்பா அங்கேயே இறங்குதுறை வாங்கில் உட்கார்ந்திருக்கிறார். எதிரே எங்கள் ஊர் வெளிச்சம் தெரியும். பிறகு ஓட்டோவில் புங்குடுதீவு மடத்துவெளிக்கு, அம்மாவின் ஒன்றுவிட்ட அக்கா இலட்சுமிப்பிள்ளை வீட்டுக்கு.

ஜூலை 15, செவ்வாய்

சேரிடம் சொன்னேன். நெடுநேரம் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார்.

“நான் அந்தாளைப் புகழ்ந்தனான்தானே, நிருஜா?”

“ஓம் சேர்.”

“பேர்கூடச் சொல்லேல்லை.”

“ஓம் சேர்.”

விசேட அனுமதி கேட்டுக் கடிதம் எழுதச் சொன்னார். எழுதினேன். நல்ல கடிதம்.

ஜூலை 20, ஞாயிறு. வீடு

தென்மேற்கில் இருந்து சோளகக் காற்று. படலை அடித்துக்கொண்டே இருக்கிறது. அப்பா என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

“திங்கள் மட்டும் போறன். கிழமைக்கு ஒருக்கால் காணும்” என்றார்.

“டொக்டர் ரெண்டுதரம் கட்டாயம் எண்டெல்லே சொன்னவர்?”

“டொக்டர் மடத்துவெளியில படுக்கிறேல்லை.”

பிறகு சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: “மெஷினால இறங்கினா கால் இழுக்குது. சத்தி வருது. இலட்சுமிப்பிள்ளை அக்கா பாவம், சட்டி கொண்டுவந்து பிடிக்கிறா. அவவுக்கே எழுபத்தஞ்சு வயசு. இன்னொரு வீட்டில அப்பிடிக் கிடக்க எனக்கு ஏலாது பிள்ளை.”

ஜூலை 24, வியாழன்

போகவில்லை.

ஜூலை 31, வியாழன்

போகவில்லை. கால் இரண்டும் வீங்கி, விரலால் அழுத்தினால் குழி அப்படியே நிற்கிறது என்று அம்மா சொன்னாள். படுத்தால் மூச்சு முட்டுதாம். கதிரையில் இருந்தபடி நித்திரை.

என்னையே கேட்கிறேன்: என்னத்துக்கடி எழுதினனீ? ஆர் கேட்டது உன்ர (அ)வையும் (ஆ)வையும்? படகு வந்ததுதானே. வந்துகொண்டுதானே இருந்தது —

ஆகஸ்ட் 1, வெள்ளி

எங்கள் கடிதத்துக்குப் பதில்: தங்கள் கோரிக்கை பரிசீலனையில் உள்ளது.

ஆகஸ்ட் 4, திங்கள். வீடு

லீவு எடுத்து வந்துவிட்டேன். அப்பாவோடு ஆஸ்பத்திரிக்குப் போனேன். இன்னும் ஒரு வியாழன் தவறினால் நெஞ்சுக்குள் நீர் கட்டும் என்று டொக்டர் என்னைப் பார்த்துச் சொன்னார். அப்பாவைப் பார்த்தும் சொன்னார். இரவு மடத்துவெளி.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

சேர் எடுத்தார். காணிச் சட்டமூலம் நாளை விவாதம், வியாழன் பின்னேரம் வாக்கெடுப்பு. உரை கேட்டார். ஐந்து மாதமாக அவர் எதிர்த்துவரும் சட்டமூலம். கட்சி எல்லோரையும் கட்டாயம் வரச்சொல்லியிருக்கிறது.

“நீர் எப்ப கொழும்புக்கு வாறீர்?”

“வரேல்லை சேர். வியாழன் அப்பாவை எப்பிடியும் கூட்டிக்கொண்டு போகவேணும். வீட்டுக்குத் திரும்பலாமெண்டால்தான் வருவாராம். என்ன செய்யிறதெண்டு தெரியேல்லை.”

உரையை மின்னஞ்சலில் அனுப்பினேன். களைப்பில் எழுதியது. ஆனால் நன்றாகத்தான் வந்திருந்தது. அதுதான் என் வியாதி.

ஆகஸ்ட் 7, வியாழன்

அப்பாவிடம் பொய் சொல்லிக் கூட்டிக்கொண்டு போனேன். படகு ஒழுங்கு செய்திருக்கிறேன் என்று.

திரும்பி இறங்குதுறைக்கு வரும்போது பொழுது பட்டிருந்தது. ஜெயரூபன் அண்ணையின் படகு கட்டிக் கிடந்தது. அவர் அதில் இருந்து பீடி குடித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில், கற்சுவரில், செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுக் குணநாயகம் சேர்.

கனவுபோல் என்று எழுத வருகிறது. இல்லை. போட்டிருந்த சேட்டில் சோற்றுக் கறை இருந்தது.

“சேர், வாக்கெடுப்பு?”

“நேற்று உரையை வாசிச்சுப்போட்டு இரவே வெளிக்கிட்டனான்” என்றார், என்னைப் பார்க்காமல்.

பிறகு பொடியனிடம் போய், நயினாதீவில் தனக்கு அவசர அலுவல், ஓர் உறுப்பினரை நீர் மறிக்கிறீரா என்று தன் உடைந்த சிங்களத்தில் கேட்டார். பொடியன் மேலதிகாரிக்கு ரெலிபோன் எடுத்தான். கன நேரம். பாதியில் அப்பாவே குறுக்கிட்டு, சேருக்காக நல்ல சிங்களத்தில் விளக்கம் சொன்னார். கடைசியில் போகலாம் என்று பொடியனின் கை அசைந்தது. உறுப்பினரும், அவரோடு வருபவர்களும், இன்றைக்கு மட்டும்.

சோளகம் படகைத் தூக்கிப் போட்டது. பாதிக் கடலில் சேர் விளிம்பைப் பிடித்துக்கொண்டு சத்தி எடுத்தார். அப்பா தன் துவாயை நீட்டினார்.

“பாராளுமன்றத்தில ஆக்களையே ஆட்டுற மனுசன், இஞ்ச இப்பிடி ஆடுறார்” என்றார் ஜெயரூபன் அண்ணை.

சேர் வாயைத் துடைத்துவிட்டு அப்பாவிடம் சொன்னார்: “ஐயா, நான் நல்லதுக்கெண்டுதான் கதைச்சனான்.”

“தெரியும் தம்பி. அதுதான் பயம்.”

ஆகஸ்ட் 8, வெள்ளி

சேர் காலைப் படகில் போனார். எங்கள் வீட்டில் தோசை சாப்பிட்டார். அம்மா கேட்காமலே இன்னொரு தோசை போட்டாள்.

சட்டமூலம் பெரும்பான்மையோடு நிறைவேறியது. அவருடைய ஒரு வாக்கால் எதுவும் மாறியிராது. அப்படித்தான் அவரும் சொன்னார், இரண்டு தரம். ஆனால் பதிவில் அவர் பேருக்கு எதிரே ‘சமுகமளிக்கவில்லை’. முதல்நாள் அவ்வளவு முழங்கிவிட்டு மறுநாள் காணவில்லை என்று ஏற்கெனவே எழுதத் தொடங்கிவிட்டார்கள். விலைபோய்விட்டாராம்.

ஆகஸ்ட் 11, திங்கள்

குறிகட்டுவானில் இன்று சேர் இல்லை. நான் அப்பாவின் பையைப் பிடித்துக்கொண்டு பின்னால் நின்றேன்.

பொடியன் கேட்டான்: “மாமே, எம்.பி. மாத்தயா எங்க?”

“பின்னால வாறார்” என்றார் அப்பா.

பொடியன் வெறும் வீதியைப் பார்த்தான். புங்குடுதீவுப் பக்கம் ஒரு நாய்தான் வந்துகொண்டிருந்தது.

“அப்ப நீங்கள் முன்னால போங்கோ” என்றான்.

ஜெயரூபன் அண்ணை சிரிப்பை அடக்கிக்கொண்டு கயிற்றை அவிழ்த்தார். அப்பா அவனுக்கு ஒன்று மட்டும் சொன்னார். படகில் வைத்து என்னவென்று கேட்டேன். “இனி ஒருத்தரும் கதைக்கமாட்டினம் எண்டு சொன்னனான்.” என்னைப் பார்த்தார்.

ஆகஸ்ட் 20, புதன். வெள்ளவத்தை

காணிச் சட்டமூலத்துக்கு வராததற்குக் கட்சி சேரிடம் விளக்கம் கேட்டிருக்கிறது. அடுத்த விவாதத்தில் அவருக்கு நேரம் ஒதுக்கவில்லை.

மேரிசுகந்தி எடுத்தாள். முக்கியமான வாக்கெடுப்பு என்பதால், வராதவர்களின் காரணத்தையும் இணையத்தில் போடுகிறார்களாம். “ஆள் எங்கயோ கீழ போயிட்டார் நிருஜா. ஏதும் நல்ல காரணம் இருந்தாச் சொல்லு, போடுறன்.”

நல்ல காரணம் இருந்தது. எழுதினால் இரண்டு பந்தி. ரொறொன்ரோ அழும். கும்பிடும் கைகள் வரும்.

ரெலிபோனைப் பொத்திக்கொண்டு சேரைப் பார்த்தேன். அவர் பத்திரிகையை மடித்தார்.

“தனிப்பட்ட காரணம் எண்டு போடச் சொல்லும்.”

சொன்னேன்.

“விசரோ உங்களுக்கு?” என்றாள் மேரிசுகந்தி. “சனம் காறித் துப்பும்.”

“ஓம்” என்றேன்.

ஆகஸ்ட் 28, வியாழன். வீடு

அப்பா வந்துவிட்டார். கால் வீக்கம் வற்றியிருக்கிறது. படுத்து நித்திரை கொள்கிறார்.

எப்படி வந்தார் என்பதை இனி இதிலும் எழுதமாட்டேன்.