மூச்சடைத்த கார்

ஆகஸ்ட் 6, செவ்வாய்

கச்சான் காற்று. முற்றமெல்லாம் புழுதி. இரண்டு தரம் கூட்டியும் பயனில்லை.

உன்னிச்சை ஹயர், வாடகை ஓட்டம். பிள்ளைத்தாய்ச்சி சுபாவைக் கிளினிக்குக்குக் கொண்டுவந்து காட்டினேன். பிள்ளை குறுக்கே கிடக்கிறதாம். சனிக்கிழமை வார்ட்டில் சேர்த்துவிட வேண்டும், வீட்டில் நோக்காடு வந்தால் ஆபத்து என்றார் டொக்டர்.

திரும்பக் கொண்டுபோய் விடும்போது கார் இழுக்கவில்லை. மிதிக்க மிதிக்க முக்கியது. சைக்கிள்காரர் ஒருவர் முந்திப் போனார். காலுக்குக் கீழே தகரம் கொதித்தது. கூமுட்டை நாற்றம் வேறு.

"அக்கா, சத்தி வருது. நிப்பாட்டுங்க."

நிறுத்தினால் திரும்ப ஸ்டார்ட் வருமோ என்று பயம். வந்தது.

சுபாவின் புருஷன் நேசன் இளந்தாரி; ஆமி பிடித்துவிடும் என்று வவுணதீவுச் சோதனைச் சென்றியைத் தாண்டுவதில்லை. அவளுடைய தாய் வாகரையில்; அந்தப் பாதை பூட்டு. "உங்களைத்தான் நம்பியிருக்கன்" என்றாள். சனி காலை வாறன் என்று சொல்லிவிட்டேன்.

என் புருஷன், இவர் வாங்கிய கார். ஆறு வருஷத்துக்கு முன் ஹயருக்குப் போனவர். கார் மட்டும் தெருவோரம் கதவு திறந்தபடி நின்றது. திறப்பு சாவித் துவாரத்திலேயே கிடந்தது. அதன் பிறகுதான் நான் ஓட்டப் பழகினேன்.

ஆகஸ்ட் 7, புதன்

காத்தான்குடியிலிருந்து மெக்கானிக் காசிம் காக்கா மோட்டார் சைக்கிளில் வந்தார். அவருக்கும் இவருக்கும் பழைய பழக்கம்.

பிளக் நாலும் கரி. துடைத்தாயிற்று.
எயார் ஃபில்டர் தட்டினோம். ஒரு சட்டி புழுதி.
பெற்றோல் குழாய் சரி.
இழுவை? அதே கதைதான்.

காக்கா பின்னால் போய்ப் புகைக்குழாயில் கையை வைத்தார். "நீயும் வச்சுப் பாரு தங்கச்சி. காத்து வருதா?"

வரவில்லை. சும்மா ஒரு பெருமூச்சு அளவு.

எஞ்சினுக்குக் கிட்ட உள்ள மூட்டைத் தளர்த்திவிட்டு ஸ்டார்ட் பண்ணச் சொன்னார். லாண்ட்மாஸ்டர் உழவு மிஷின் மாதிரி அலறியது. பக்கத்து வீட்டு ரீச்சர் ஓடி வந்து கதவைச் சாத்தினா. ஆனால் எஞ்சின் நன்றாக ஏறியது. ஆக, எஞ்சினில் பிழையில்லை. புகை வெளியே போக வழியில்லை. அடைப்பு நடுவில் உள்ள கொன்வேட்டரிலா, கடைசியிலுள்ள சைலன்சரிலா, அதுதான் தெரியவில்லை.

"மண்ணெண்ணெய் கலந்து ஓடினியா?"

"கொஞ்சம்." சென்றிக்கு அங்கால் பக்கம் பெற்றோல் கொண்டுபோக விடுவதில்லை. வேறு என்ன செய்ய?

"அப்ப கொன்வேட்டராத்தான் இருக்கும். புகையைச் சுத்தமாக்கிற பெட்டி அது. எரியாத எண்ணெய் போய் உள்ளுக்க வெந்து உருகியிருக்கும்."

ஆணிகள் துருப்பிடித்து அசையவில்லை. எண்ணெய் விட்டு ஊற வைத்தோம். ஆமி பாதை பூட்டுமுன் அவர் போக வேண்டும். நாளைக்கு நானே கழற்றி அவருடைய பட்டறைக்குக் கொண்டுபோவதாக ஏற்பாடு.

அவர் தேத்தண்ணி குடித்த கோப்பையை உடனே கழுவவில்லை. இரண்டாவது கோப்பை எடுத்து எத்தனை நாள்.

ஆகஸ்ட் 8, வியாழன்

கழற்றிவிட்டேன். கைமுட்டியில் தோல் போய்விட்டது. பெட்டியைச் சாக்கில் சுற்றிக்கொண்டு காத்தான்குடி பஸ்.

பாலத்தடிச் சென்றியில் எல்லாரையும் இறக்கிச் சோதனை. சாக்கை விரித்த ஆமிப்பொடியன் இரண்டடி பின்னால் பாய்ந்தான்.

"மொகத மேக்க? என்ன இது?"

இரும்பு உருளை, இரண்டு பக்கமும் குழாய். அவன் பயந்ததில் பிழையில்லை. பெட்டியை மண்மூட்டைக்கு மேல் வைத்து, சனத்தைத் தூரப் போகச் சொன்னார்கள். பஸ் என்னை விட்டுவிட்டுப் போனது. சைலன்சர், கார், என்று நான் சொல்லச் சொல்ல அவர்கள் வயரைத் தேடினார்கள்.

பத்திலிருந்து இரண்டு மணி வரை வெயில். தமிழ் தெரிந்த ஒருவர் வந்து, "வீட்டில ஆர் இருக்கு? கூப்பிடுங்க, வந்து சொல்லட்டும்" என்றார்.

"ஒருத்தரும் இல்ல."

"ஒருத்தரும்?"

"இல்ல."

எழுதிக்கொண்டார். அது ஒரு குற்றம் போல இருந்தது.

கடைசியில் அவர்களுடைய லொறி ட்ரைவரைக் கூட்டி வந்தார்கள். கையெல்லாம் கிறீஸ். பெட்டியைத் தூக்கிச் சூரியனுக்கு நேரே பிடித்து ஒற்றைக் கண்ணால் பார்த்தான். பிறகு என்னிடம் நீட்டினான்.

"பாருங்க அக்கா. நல்லது எண்டா வலை மாதிரி, வெளிச்சம் வரும். இது இல்ல. முடிஞ்சி."

பார்த்தேன். ஊசிமுனை அளவும் வெளிச்சமில்லை. காக்காவுக்கும் எனக்கும் நேற்று முழுக்கச் சந்தேகம், இவன் ஒரு நிமிஷத்தில் சொல்லிவிட்டான். சிரித்துவிட்டேன். அவனும் சிரித்தான். அந்த உடுப்புக்கு முன்னால் நான் சிரித்தது இதுதான் முதல்தரம். வீட்டுக்கு வந்து நெடுநேரம் முகம் கழுவினேன்.

சென்றியால் விட்ட பிறகு, பட்டறையில் காக்கா உளியால் குத்தினார். உருகி இறுகிய கட்டி, கருஞ்செங்கல் போல, துண்டு துண்டாக விழுந்தது. வெறும் இரும்புக் கோதைத் திருப்பித் தந்தார். "இது இல்லாம ஓடும் தங்கச்சி. சத்தம்தான் கூட." புதியது தேட நேரமில்லை.

ஆகஸ்ட் 9, வெள்ளி

காக்காவுக்கு ஜும்ஆத் தொழுகை. நானே காருக்குக் கீழே படுத்துப் பூட்டினேன். காலை முழுக்கப் போனது. இழுக்கிறது. சொல்ல ஆளில்லை. இங்கே எழுதுகிறேன்: இழுக்கிறது.

ஆகஸ்ட் 10, சனி

விடியவே போனேன். சுபாவுக்கு நோக்காடு தொடங்கிவிட்டது. நேசன் தூக்கி ஏற்றினான். சென்றிக்கு முன்னால் இறங்கி நின்றவனைக் கண்ணாடியில் பார்த்தேன். கையை வாயில் வைத்துக்கொண்டு நின்றான்.

குழிகளில் கூட நிறுத்தாமல் ஓட்டினேன். சென்றியில் வயிற்றைப் பார்த்ததும் விட்டார்கள்.

ஆஸ்பத்திரியில், உடனே வெட்டி எடுக்க வேணும், சொந்தக்காரர் கையெழுத்து வேணும் என்றார்கள்.

"நீங்க ஆர்? தாயா?" என்றா தாதி.

சுபா என் விரலைப் பிடித்திருந்தாள்.

"ஓம்" என்றேன். உறவுமுறை என்ற இடத்தில் தாய் என்று எழுதினேன்.

ஆம்பிளைப் பிள்ளை. இருவரும் சுகம். நேசனுக்கு ஒரு பஸ்காரரிடம் சொல்லி அனுப்பினேன்.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

கஞ்சி, மாற்றுச் சீலை, பிள்ளைக்குத் துணி. பிள்ளையை மடியில் தந்தாள். பாரம் ஒன்றுமில்லை, ஆனால் கை விறைத்துப் போகும்வரை அசையவில்லை.

அடுத்த கட்டில் கிழவி: "பேரன்ட நெத்தி உங்கடதான் கா."

நான் திருத்தவில்லை. சுபாவும் திருத்தவில்லை.

ஆகஸ்ட் 13, செவ்வாய்

வாகரைப் பாதை திறந்து சுபாவின் தாய் வந்துவிட்டா. கால் வீங்கியிருந்தது, பாதி வழி நடை.

"நீங்கதானா என்ட மகளுக்குத் தாய் எண்டு கையெழுத்து வச்ச?"

வெட்கமாக இருந்தது. அவ என் இரண்டு கையையும் பிடித்தா. "இருங்க. ரெண்டு பேருமா இருந்து பாப்பம்."

வார்ட்டுக்கு ஒரு பாஸ்தான். வாசலில் அற்றென்டன் இரண்டு பேரை விடவில்லை. பாஸை அவவிடம் கொடுத்தேன். ஹயர் ஒன்று இருக்கிறது, போக வேண்டும் என்றேன்.

ஹயர் ஒன்றும் இருக்கவில்லை.