கதவுக்கு வைத்திருந்த படிக்கல்

ஜூலை 14, திங்கள்

காற்று பலம். கம்பத்திலிருந்து தேனி வரை பஸ் ஜன்னல் எல்லாம் ஆட்டம்.

ஆஸ்பத்திரி எடை மெஷினில் ஏறி நின்றேன். வேட்டி இடுப்பில் நிற்காமல் காலடியில் விழுந்தது. பட்டாபட்டி போட்டிருந்ததால் மானம் பாதி தப்பியது. நர்ஸ் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு, "ஐயா, வேட்டியோட சேத்துத்தான் எடை. எடுத்துக் கட்டிட்டு ஏறுங்க" என்றது. வரிசை மொத்தமும் சிரிப்பு. நானும் சேர்ந்து சிரித்தேன், வேறு என்ன செய்ய.

51.4. போன வாரம் 53.

டாக்டரம்மா சொன்னது: ஐம்பதுக்குக் கீழே போனால் மூக்கு வழியாக வயிற்றுக்குக் குழாய். "பயப்பட ஒண்ணுமில்ல. உணவுக்குழாய்ப் புண்ணு ஆறுற வரைக்கும்தான். கஞ்சி, பால் எல்லாம் அது வழியாப் போயிடும்."

அண்ணனுக்கும் இதே குழாய்தான் போட்டார்கள். சரி, அதை எழுத வேண்டாம்.

கீமோ சொட்டு நாலு மணி நேரம். அப்புறம் கரண்டு (கதிர்வீச்சுக்கு இங்கே எல்லாரும் சொல்லும் பேர்). இன்று ஆறாவது. மொத்தம் இருபத்தைந்து. நெஞ்சில் பேனாவால் போட்ட கோடு அழியக் கூடாது, அதனால் குளியல் கிடையாது. பஸ்ஸில் பக்கத்து சீட் எப்போதும் காலி. ஒரு வசதி.

ஜூலை 17, வியாழன்

ஒன்பதாவது கரண்டு. இட்லி இறங்கவில்லை. தொண்டைக்குக் கீழே மிளகாய் அரைத்துத் தடவியது போல.

திரும்பும்போது யூசுப் பாய் திராட்சை மண்டியில் இறங்கி, பெட்டி எடை போடும் மெஷினில் ஏறி நின்றேன். 50.3.

பாய்: "என்னண்ணே, நீங்களே சரக்கா வந்துட்டீக? கழிவு எவ்வளவு போட?"

"கழிவு போக மிச்சம் இருந்தாச் சொல்லு பாய்" என்றேன். பாய் சிரிக்கவில்லை. டீ வாங்கிக் கொடுத்தார். குடிக்க முடியாமல் கையில் வைத்துக்கொண்டே நின்றேன்.

ஆவணியில் மகள் சுகன்யாவுக்கு நிச்சயம். மாப்பிள்ளை வீடு உத்தமபாளையம். எனக்கு அல்சர் என்று சொல்லி வைத்திருக்கிறோம். மனைவி மாரியம்மாளுக்கு ஒரே கவலை. "மூக்குல குழாயோட நின்னா அல்சர்னு யாரு நம்புவாக?"

வேட்டி நிற்பதற்குப் பழைய பச்சை பெல்ட்டைத் தேடி எடுத்தேன். இரண்டு பக்கமும் பை. உள்ளே செல்லரித்த உர ரசீது ஒன்று.

ஜூலை 21, திங்கள்

விடியும் முன் மண்டியில் போய் எடை பார்த்தேன். 49.8.

வீட்டில் பழைய தராசுப் படிக்கல் ஒரு ஜோடி கிடக்கிறது. எலக்ட்ரானிக் வந்த பிறகு ஒரு கிலோ கல் கதவுக்கு முட்டு, அரைக்கிலோ ரேஷன் கார்டு பறக்காமல் இருக்க. அரைக்கிலோவை எடுத்து பெல்ட்டில் போட்டேன். இன்னொரு பையில் செல்போன். மேலே சட்டை.

நர்ஸ்: "50.5. பரவாயில்லையே ஐயா!"

டாக்டரம்மா: "இப்படியே கெட்டியாப் பிடிச்சுக்கங்க."

பிடித்துக்கொண்டுதான் இருந்தேன், பெல்ட்டை.

யாராவது வியாபாரி எடையில் நூறு கிராம் அடித்தால் தெருவையே கூட்டுகிறவன் நான். வெட்கம் வந்தது. சந்தோஷமும் வந்தது. சந்தோஷம்தான் அதிகம்.

பக்கத்துக் கட்டிலில் ஒருவர், மூக்கில் குழாய். அந்தப் பக்கம் பார்க்காமல் சொட்டைப் பார்த்துக்கொண்டே படுத்திருந்தேன்.

ஜூலை 25, வெள்ளி

பதினைந்தாவது கரண்டு. இன்று இறங்கியவை: அரை டம்ளர் மோர், கஞ்சித் தண்ணி ஆறு ஸ்பூன், மாத்திரை (பொடி செய்து). இறங்காதவை: மற்ற எல்லாம்.

சின்னமனூரில் பஸ்ஸை விட்டு இறங்கி வாந்தி. கண்டக்டர் விசில் கொடுக்காமல் காத்திருந்தார். "மெதுவா வாங்கண்ணே, வண்டி ஓடிறாது." எந்த ஊர்க்காரரோ, நல்லா இருக்கட்டும்.

தலைமுடி சீப்போடு வருகிறது. மீசை மட்டும் போகவில்லை. வீம்பு.

ஜூலை 28, திங்கள்

மாரியம்மாளுக்குக் காய்ச்சல். சுகன்யா லீவு போட்டுவிட்டுக் கூட வந்தாள். இரண்டு கல்லும் பெல்ட்டில்.

மெஷின் 50.6. டாக்டரம்மா ரத்த ரிப்போர்ட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி ரிப்போர்ட். "வெள்ளை அணு ரொம்ப இறங்கியிருக்கு. இந்த வாரம் கீமோ வேண்டாம், கரண்டு மட்டும். எடை நிக்குது, ஆனா ஆளு வத்திப் போறீங்களே? மருந்து அளவே உங்க எடையை வச்சுத்தான் கணக்குப் போடுறோம்."

இது எனக்குத் தெரியாது. ஒன்றரைக் கிலோ இரும்பும் ஒன்றரை மூட்டையாகக் கனத்தது. சட்டையை இழுத்து பெல்ட்டை மூடிக்கொண்டேன்.

கரண்டு ரூமுக்கு வெளியே சட்டையைக் கழற்றி, பெல்ட்டை அதில் சுருட்டி சுகன்யாவிடம் கொடுத்தேன். எப்போதும் மாரியம்மாளிடம் கொடுக்க மாட்டேன், பெஞ்சுக்கு அடியில் வைப்பேன். இன்று ஏதோ யோசனையில் கொடுத்துவிட்டேன். அவள் கை தாழ்ந்ததைப் பார்த்தேன். அதற்குள் உள்ளே கூப்பிட்டுவிட்டார்கள்.

மெஷினுக்குள் அசையாமல் கிடப்பது அத்தனை கஷ்டமாக என்றைக்கும் இருந்ததில்லை.

திரும்பும் வழியில் சின்னமனூர் தாண்டியதும் சுகன்யா:

"அப்பா, எடையில அரைக்கிலோ அடிச்சான்னு போன வருசம் ஒரு யாவாரியை ரோட்டுல வச்சுக் கிழிச்சீகள்ல?"

"ஆமாத்தா."

"இப்ப நீங்க யாரை ஏமாத்துறீக?"

பைபாஸ் திருப்பத்தில் ஆட்டு மந்தை. பஸ் ரொம்ப நேரம் நின்றது.

வீட்டுக்குள் நுழைந்ததும் மாரியம்மாள் காய்ச்சலோடு: "ஏங்க, கதவுக்கு வச்ச கல்லு எங்க? காத்துக்கு காலையில இருந்து டமார் டமார்னு அடிக்குது, மண்டை வெடிக்குது எனக்கு." சுகன்யா பெல்ட்டைத் திறந்து கல்லை எடுத்துக் கதவடியில் வைத்தாள். மாரியம்மாள் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

ஜூலை 29, செவ்வாய்

சுகன்யா இன்றும் வந்தாள். கரண்டுக்கு முன்னால் டாக்டரம்மா மேஜையில் இரண்டு கல்லையும் வைத்தாள். நர்ஸ், "ஐயா என்ன, பலசரக்குக் கடை போடப்போறீங்களா?" என்றது. டாக்டரம்மா சிரிக்கவில்லை. மெஷினில் ஏறச் சொன்னார். 48.8.

"உடம்பு தாங்கலைன்னா நடுவுல நிறுத்த வேண்டி வரும். நிறுத்துனா கட்டி மறுபடி தலையெடுக்கும். உங்களுக்கு விளையாட்டா இருக்கா?"

"இல்லம்மா."

நாளைக்குக் குழாய். கரண்டு மட்டும் நிற்கக் கூடாது, பதினேழாவது முடிந்தது.

வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்தபடி சுகன்யா உத்தமபாளையத்துக்குப் போன் போட்டாள். தடுக்கப் போனேன், கையைக் காட்டி உட்கார வைத்தாள். "அத்தை, அப்பாவுக்கு அல்சர் இல்ல. கேன்சர்..." அந்தப் பக்கம் என்ன சொன்னார்கள் என்று கேட்கவில்லை. அவள் "சரிங்கத்தை, சரிங்கத்தை" என்று மட்டும். ஞாயிற்றுக்கிழமை பார்க்க வருகிறார்களாம். நிச்சயத்தைப் பேசவா, நிறுத்தவா, தெரியவில்லை.

ஜூலை 31, வியாழன்

சாரல். மலை தெரியவில்லை.

குழாய் போட்டு ஒரு நாள். போடும்போது கண்ணில் தண்ணீர், மூக்கில் எரிச்சல், அவ்வளவுதான். கண்ணாடியில் பார்த்தேன். தும்பிக்கை வைத்த மீசைக்காரன். தோட்டத்துக்குச் சொட்டு நீர் போட மானியம் கேட்டு மூன்று வருஷம் அலைந்தேன், எனக்கு ஒரே நாளில் போட்டுவிட்டார்கள்.

பத்தொன்பதாவது கரண்டு முடிந்தது. இன்னும் ஆறு.

சாயங்காலம் சுகன்யா ஊசிக்குழாயில் கஞ்சி ஏற்றினாள். பாதியில் அவளாகவே, "எனக்காகத்தானப்பா கல்லைக் கட்டிக்கிட்டுப் போனீக? என் நிச்சயத்துக்காக உங்க உசுரை வச்சு விளையாடலாமா?" என்றாள். கண் நிறைந்துவிட்டது அவளுக்கு.

தலையை ஆட்டினேன். ஆமாம் என்று.

உனக்காக இல்லத்தா. உன் பெரியப்பாவுக்குக் குழாய் போட்ட பதினோராம் நாள் பிணமாகத்தான் தூக்கிக்கொண்டு வந்தோம். எனக்காகத்தான் கட்டினேன்.