ஃபெரித் துறையில் நிற்பவர்

அன்பு மகளுக்கு,

நீ கதை எழுதிய வீடியோ விளையாட்டை ஆடிப் பார்த்தேன். வாக்கியங்கள் சுத்தமாக இருக்கின்றன. உன்னைக் கான்வென்டில் படிக்கவைத்தது வீண்போகவில்லை.

ஆனால், ஃபெரித் துறையில் நாளிதழோடு நிற்கும் அந்தப் பெரியவரைத் தாண்டி என்னால் போக முடியவில்லை. அவருக்கு உன் டாடியின் முகத்தை வைத்திருக்கிறாய். அதைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை. பொத்தானை அழுத்தினால் பேசுகிறார். நீ எழுதிக் கொடுத்தது தீர்ந்ததும், "வெயிலா இருக்கு, குடை எடுத்தியா?" என்பதையே திரும்பத் திரும்பக் கேட்கிறார். உயிரோடு இருந்தவரை உன் டாடி ஒரே நாளில் சொன்னதையே திரும்பச் சொன்னவர் இல்லை.

நேற்று போனில் சொன்னாயே, "மம்மி, ஃபெரி ஏறினாதான்லா கதை நகரும். ஆடிப் பாக்குறவங்க எல்லாம் அவர்கிட்டயே நிக்கிறாங்க. இப்படியே போனா பாஸ் அவரைத் தூக்கிடச் சொல்வாரு" என்று. அதிலிருந்து எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

அவரை எடுத்துவிடாதே. வசனத்தை மாற்று. ஃபெரி ஏறி அக்கரையில் பட்டர்வொர்த் போகும்போதெல்லாம் டாடி என்னை முன்னால் அனுப்பிவிட்டுத்தான் பேப்பர் வாங்கப் போவார். "நீ போய் எடம் பிடிலா, நான் பின்னால வரேன்" என்பார். அதைக் கடைசி வசனமாக வை. அதன்பிறகு அவர் பேசாமல் பேப்பரை விரிக்கட்டும்.

அப்படிச் சொன்னால் நான் ஏறிவிடுவேன்.

மம்மி