கதவில் கட்டிய சைக்கிள் மணி

அன்பு மகளுக்கு அப்பா எழுதிக்கொள்வது. என் வலது மணிக்கட்டைத் தவிர இங்கே எல்லோரும் சுகம், அங்கே நீயும் மாப்பிள்ளையும் வாண்டும் ஒரு குறையுமில்லாமல் இருக்க வேண்டும். எழுத்து கோழி கிளறின மாதிரி இருந்தால் மணிக்கட்டைத் திட்டு, உன் அண்ணனைத் திட்டாதே. அவன் முழுசாகத் தேறட்டும், வாண்டு வேறு வீல் வீலென்று கத்துகிறவள், அப்புறம் வருகிறோம் என்று எழுதியிருந்தாய், பெற்றவளுக்கு அந்தப் பயம் நியாயம்தான். ஆனால் தப்பு என்னுடையது. இரண்டு வருஷம் போர்முனையில் கிடந்து வந்தவன் மதியம் கண்ணயர்ந்திருந்தான், தோளைத் தொட்டு எழுப்பினேன், கண் திறக்குமுன்னே அவன் கை என் கையை முறுக்கிவிட்டது. நான்தான் என்று தெரிந்ததும் தேம்பித் தேம்பி அழுதான், எனக்கு அதுதான் அதிகம் வலித்தது.

அன்றிலிருந்து வீட்டில் சத்தமே கூடாது என்று முடிவுகட்டினேன், டயர் கடைக்காரன் புத்தி எங்கே போகும், பழைய டியூபைக் கீற்றுக் கீற்றாக வெட்டி ஒரு கதவு அலமாரி விடாமல் அடித்துவைத்தேன், உன் அம்மாவும் பூனை மாதிரி நடந்தாள். பிள்ளையார் பிடிக்கக் குரங்கானது, அவன் முன்னைவிட அதிகமாகத் திடுக்கிட்டான், சோறு இறங்கவில்லை. ஒருநாள் கடைக் குறடு எடுத்து ரப்பரையெல்லாம் பிடுங்கிப் போட்டுவிட்டு வாசல் கதவில் ஒரு சைக்கிள் மணியைக் கட்டினான். சத்தம் வந்தா என்ன சத்தம்னு தெரிஞ்சுடும்ப்பா, சத்தமில்லாம ஆள் பக்கத்துல வந்து நிக்கிறதுதான் தாங்க முடியல என்றான். இப்போது எல்லோரும் மணியடித்துத்தான் நுழைகிறோம், உன் அம்மா மிக்ஸி போடுமுன் கொடுக்கிற அறிவிப்பில் ரயில் நிலையம் தோற்றது. டாக்டரிடம் தவறாமல் போகிறான், கடைக்கும் வருகிறான். காற்றேற்றும்போது டயர் ரிம்மில் டப்பென்று உட்காருமே, அந்த வேலையைக் கேட்டு வாங்கிக்கொண்டான், தன் கையால் வருகிற சத்தம் அவ்வளவு பயமுறுத்தாதாம். முகமெல்லாம் வேர்க்கும், சில நாள் பாதியில் எழுந்து பின்பக்கம் போய் உட்காருவான், பிறகு வந்து விட்ட இடத்தில் பிடிப்பான். சண்டையில் என்ன செய்தானோ நான் பார்க்கவில்லை, இதைத் தினமும் பார்க்கிறேன், என் பிள்ளையை நினைத்து எனக்கு அவ்வளவு பெருமை.

செவ்வாய்க்கிழமை காலையில் மட்டும் எங்கோ போய்வருவான், கேட்டால் சொல்லமாட்டான். போன வாரம் நர்ஸம்மா ஸ்கூட்டருக்குக் காற்றடிக்க வந்தபோது விஷயம் வெளியே வந்தது. குழந்தைகளுக்கு ஊசி போடுகிற நாளில் ஆஸ்பத்திரி வராந்தா பெஞ்சில் வந்து உட்காருகிறானாம். முதல் வாரம் குழந்தைகளின் வீறிடல் தாங்காமல் இரண்டே நிமிஷத்தில் எழுந்து ஓடினவன் இப்போது ஒரு மணி நேரம் இருக்கிறானாம். எந்தக் குழந்தைக்கு வந்திருக்கீங்க என்று கேட்டாளாம், தங்கச்சி குழந்தைக்கு, அது இன்னும் வரல, நான் தாய்மாமன் என்றானாம்.

மாப்பிள்ளையிடம் கலந்துகொண்டு வருகிற தேதியை எழுது. மூவரும் நோய்நொடியில்லாமல் நீண்டநாள் வாழ வேண்டும். வந்ததும் வாசலில் மணியடிக்க மறக்காதே, வாண்டுக்கு எட்டட்டும் என்று நேற்று அதைத் தாழ இறக்கிக் கட்டியிருக்கிறான்.

இப்படிக்கு,
உன் வரவைப் பார்த்திருக்கும் அப்பா