திரையில் விழாத என் பேர்

அன்பு மகள் மலர்விழிக்கு அம்மா எழுதுவது. இங்கே நாங்கள் இருவரும் உயிரும் உடம்புமாக இருக்கிறோம், அங்கே மஸ்கட் வெயிலில் நீயும் மாப்பிள்ளையும் பிள்ளைகளும் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும் என்று தினமும் கும்பிடுகிறேன். போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போன் உங்க அப்பா தலைமாட்டில் இருக்கிறது, நான் பேசினால் அவருக்குக் கேட்கும். அறிவொளி வகுப்பில் கற்ற எழுத்தை வைத்து மூன்று நாளாக அடுப்படியில் உட்கார்ந்து எழுதுகிறேன். தனியாக இருக்கும்போது படி.

என் அம்மா செத்த அன்றைக்குச் சினிமாக் கொட்டகையில் இருந்தவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன். பெண்கள் பக்கத்துப் பெஞ்சில் நான், என் மடியில் ஒன்பது மாசக் குழந்தையாக நீ, எதிர்வீட்டு வேணி, உன் அத்தை ஜெயம். ஜெயம் எங்களை முந்திக்கொண்டு ஓடி ஃபேனுக்குக் கீழே இடம் பிடித்தாள், அதையும் நான் மறக்கவில்லை. ஆம்பளைகள் பக்கம் உங்க அப்பா. வாசலில் டிக்கெட் கிழிக்கிற ஆரோக்கியராஜ். வெளியே சேதியோடு வந்து நின்றவர் மாரியப்பன், வளவனூரில் உன் அம்மாயி வீட்டுக்குப் பக்கத்து வீட்டுக்காரர்.

உனக்குத் தெரிந்த கதைதான். கொல்லையில் மல்லாட்டைச் செடி பிடுங்கி முடித்த கையோடு நம் தெருக்கோடிக் கொட்டகைக்கு மத்தியான ஆட்டம் போனோம். உன் அம்மாயிக்கு மூச்சு இழுக்கிறது, கெங்கம்மாளைப் பார்க்கணும் என்கிறாள் என்று மாரியப்பன் பஸ் பிடித்து வந்து வாசலில் ஆரோக்கியராஜிடம் சொல்லிவிட்டு, என் அக்காவுக்கும் சேதி சொல்ல வல்லத்துக்குப் போய்விட்டார். அந்தக் காலத்தில் படம் ஓடும்போது யாரையாவது அவசரமாகக் கூப்பிட வேண்டுமானால், மை பூசின கண்ணாடிச் சில்லில் ஊசியால் பேரைக் கீறி மிஷின் ரூமில் கொடுப்பார்கள், திரையில் எழுத்து விழும். என் பேர் விழவில்லை. ஆட்டம் முடிந்து வீட்டுக்கு வந்த பிறகுதான், ஆரோக்கியராஜ் இப்போதுதான் சொன்னான் என்று உங்க அப்பா சேதி சொன்னார். விழுப்புரம் போய் வேறு பஸ் மாறி வளவனூர் போய்ச் சேர்ந்தபோது அம்மாவின் கால் கட்டைவிரல்களைச் சேர்த்துக் கட்டியிருந்தார்கள். விளக்கு வைக்கிற நேரம் வரைக்கும் வாசலையே பார்த்துக்கொண்டு கிடந்தாளாம்.

அன்றிலிருந்து நாற்பத்து நாலு வருஷம் ஆரோக்கியராஜை நான் மனுஷனாக நினைக்கவில்லை. அவன் பெண்டாட்டி தண்ணீருக்கு வந்தால் குழாயடியை விட்டு நகர மாட்டேன். அவன் மகள் கல்யாணத்துக்குப் பத்திரிகை வைத்தான், அவன் கண் எதிரேயே கிழித்துப் போட்டேன். நீ கூட, பாவம்மா என்றாய். உன்னையும் திட்டினேன்.

பதினோரு வருஷமாகப் பூட்டிக் கிடந்த கொட்டகையைப் போன மாசம் இடிக்க ஆரம்பித்தார்கள். மிஷின் ரூமைக் காலி பண்ணப் போன ஆரோக்கியராஜ், பன்னிரண்டு நாளைக்கு முன்னால் ஒரு கண்ணாடிச் சில்லைத் துணியில் சுற்றிக்கொண்டு நம் வாசலில் வந்து நின்றான். உங்க அப்பா முடிவெட்டப் போயிருந்தார். போடா வெளியே என்றேன். அவன் போகவில்லை. “அக்கா, இத்த பாத்துட்டு அப்பறம் தொரத்து”ன்னு கொடுத்தான். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். ‘வளவனூர் கெங்கம்மாள் உடனே வெளியே வரவும்.’ என் பேர், மலரு. “எழுதி எடுத்துக்கினு படி ஏறிக்கினு இருந்தேங்க்கா. இடைவேளைக்கு முன்னால பீடி குடிக்க வந்த உன் வூட்டுக்காரரு பாத்துட்டு, நீ போடாத, நானே சொல்லி இட்டுகினு போறேன்னாரு. அப்பறமா, வெளிய சொல்லாதடா, குடும்பம் கெட்டுப்பூடும்னு கையப் புடிச்சாரு. நான் வாய மூடிக்கினேன். நீ திட்டுனதெல்லாம் வாங்கிக்கினேன்” என்றான்.

அப்பா வந்ததும் ஜன்னல் வெளிச்சத்தில் அந்தச் சில்லைக் காட்டினேன். இது என்னவென்று அவர் கேட்கவில்லை. “யாரு குடுத்தா”ன்னுதான் கேட்டார். அந்த ஒரு கேள்வியிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. அப்புறம் சொன்னார்: “இன்னும் ஒரு மணி நேரந்தான, படம் முடியட்டும்னு இருந்துட்டேன்டி. உங்கம்மா அதுக்கு முன்னால ரெண்டு வாட்டி சாவப்போறேன்னு ஆள் அனுப்பிச்சி, ஓடிப்போய் பாத்தா கேப்பைக் கூழு குடிச்சிக்கினு இருந்துச்சி.” அது நெசம்தான், நான் இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அன்றைக்கு இடைவேளையில் அத்தனை பேர் பார்க்க, பெண்கள் பக்கம் வந்து எனக்கென்று தனியாக ஒரு கலர் பாட்டில் வாங்கிக் கொடுத்தாரே. ஐம்பத்தோரு வருஷக் குடித்தனத்தில் அவர் எனக்கு ஆசையாக வாங்கிக் கொடுத்தது அது ஒன்றுதான் என்று உனக்கு எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன். சேதி தெரிந்துதான் அதை என் கையில் கொடுத்திருக்கிறார். என் அம்மா அங்கே இழுத்துக்கொண்டு கிடந்தாள், நான் இங்கே இனிக்க இனிக்கக் குடித்துக்கொண்டிருந்தேன்.

அதைக்கூட ஒரு நாள் விட்டிருப்பேன். ஆனால் நான் ஆரோக்கியராஜைத் திட்டும்போதெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்து, ஆமா அவன் வெளங்க மாட்டான் என்று இவரும் சேர்ந்து திட்டினாரே, அதை எந்தக் கணக்கில் விடுவது? ஒரு தப்பும் பண்ணாதவன் மேல் என் வாயால் மண்ணை வாரித் தூற்ற வைத்துவிட்டார். போன ஞாயிற்றுக்கிழமை ஆரோக்கியராஜ் வீட்டுக்குப் போனேன். அவன் பெண்டாட்டி காபி கொண்டு வந்து வைத்தாள். குடித்துவிட்டு அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். அவள் கையை எடுக்கவும் இல்லை, என்னைப் பார்க்கவும் இல்லை. அது அவள் நியாயம்.

பன்னிரண்டு நாளாக நான் உங்க அப்பாவோடு பேசவில்லை. சோறு வைக்கிறேன், சர்க்கரை மாத்திரை எடுத்துக் கொடுக்கிறேன், வெந்நீர் வைக்கிறேன், அதில் குறை வைக்க மாட்டேன், பயப்படாதே. ஆனால் தை மாசம் திருக்கடையூரில் எண்பதாம் கல்யாணம் என்று நாள் குறித்துவிட்டாயே, அதில் நான் மணையில் உட்கார மாட்டேன். அந்தக் கையால் இன்னொரு தாலி வாங்கிக்கொள்ள என் கழுத்து குனியாது. ஊரார் என்ன சொல்வார்கள் என்று அழாதே, ஊரார் வாயை நான் பார்த்துக்கொள்கிறேன். அப்பா உன்னிடம் போனில் அழுதால் ஆறுதல் சொல், அது மகள் கடமை, நான் தடுக்கவில்லை. சமாதானம் பண்ண மட்டும் வராதே.

நீயும் உன் பிள்ளைகளும் நூறு வயசு சிரித்துக்கொண்டு வாழ வேண்டும். உனக்கு ஒன்று மட்டும் சொல்கிறேன், மாப்பிள்ளையிடம் எதையும் மறைக்காதே, அவரையும் மறைக்க விடாதே. ஊருக்கு வரும்போது ஆரோக்கியராஜ் வீட்டில் செருப்பைக் கழற்றிவிட்டு, அப்புறம் நம் வீட்டுக்கு வா. மறந்துவிடாதே.

இப்படிக்கு
உன் அம்மா
கெங்கம்மாள்

பத்திரிகையில் போட எங்கள் இரண்டு பேர் பேரையும் பிழையில்லாமல் எழுதி அனுப்பச் சொல்லியிருந்தாய். என் பேர் மேலே இருக்கிறது, அதைப் பத்திரிகையில் போடாதே. இன்னொரு பேரைத் தாலி கட்டின நாளிலிருந்து நான் வாயால் சொன்னதில்லை, ரேஷன் கடையில் கேட்டால்கூடப் பக்கத்தில் நிற்பவர்களைத்தான் சொல்லச் சொல்வேன். நான் சாகிறவரை மன்னிக்காத அந்தப் பேரை இப்போது என் கையால் எழுதுகிறேன். சீனுவாசன்.