மேசைக்கு அடியில் ஒரு பிரேக்

கண்ணு,

டிரைவிங் ஸ்கூலை விட்டுவிட்டு, இந்த வயதில் ஆப் டிசைன் வேலைக்குப் போன உன் அப்பாவைப் பார்த்து ஊரே சிரிக்கிறது. நான் மட்டும் நிம்மதியாகத் தூங்குகிறேன்.

நேற்று என் முதல் சோதனை. பஸ் டிக்கெட் எடுக்க நான் வரைந்த திரையை, முன்பின் தெரியாத ஒரு பெண்மணியிடம் கொடுத்தோம். கூட உட்கார்ந்து பார்ப்பவர்கள் வாயைத் திறக்கக் கூடாது. அதுதான் விதி. அந்த அம்மா என் பெரிய பச்சைப் பட்டனைச் சட்டை செய்யவே இல்லை, எங்கெங்கோ போனார். மேசைக்கு அடியில் என் கால் தரையை அழுத்து அழுத்தென்று அழுத்தியது. பயிற்சிக் காரில் என் பக்கமும் ஒரு பிரேக் இருக்குமே, அந்தப் பழக்கம்.

என் மேலதிகாரிக்கு உன் வயதுதான். காதோரம் குனிந்து, "சார், காலை எடுங்க. அவங்களே கண்டுபிடிச்சிடுவாங்க" என்றாள்.

கண்டுபிடித்தார், நான் கனவிலும் நினைக்காத வழியில். இன்று காலை பட்டனை அவர் தேடிப் போன இடத்துக்கே மாற்றி வரைந்தேன். முன்னைவிட அழகாகத்தான் இருக்கிறது.

நீ வேறொரு ஸ்கூலில் கார் ஓட்டக் கற்றுக்கொண்டாய் என்று அம்மா சொன்னாள். சந்தோஷம்.

ஞாயிற்றுக்கிழமை காரை எடுத்துக்கொண்டு வா. நான் பின் சீட்டில் உட்கார்ந்துகொள்கிறேன்.

அப்பா