எங்க நைனா பார்த்தார்

அன்புள்ள அண்ணா,

போனில் பேசினால் நைனா காதில் விழும், அதனால் எழுதுகிறேன்.

செஞ்சியில் எங்கள் பள்ளியில் மாதிரி நாடாளுமன்றம் நடத்தினார்கள். நான்தான் வேளாண் அமைச்சர். மீன்வளக் கொள்கை விவாதத்தில், நம் ஏரியில் மீன் குத்தகை எடுத்தவர் சீக்கிரம் மீன் பிடிப்பதற்காக இரவில் மதகைத் திறந்து, நெல்லுக்கான தண்ணீரை வெளியே விடுகிறார் என்று பேசினேன். மீன்வள அமைச்சரான சுவாதி எழுந்து, "யாரு பாத்தது?" என்றாள். "எங்க நைனா" என்று சொல்லிவிட்டேன். எல்லோரும் கைதட்டினார்கள். அவையில் பேசியதற்காக யார் மீதும் வழக்குப் போட முடியாது என்று புத்தகத்தில் இருக்கிறது, அண்ணா. சுவாதி அந்தக் குத்தகைக்காரரின் அண்ணன் மகள் என்பது எனக்கு அப்போது தோன்றவே இல்லை.

நேற்று அந்தக் குத்தகைக்காரரே ஒரு பை நிறைய கெண்டை மீனோடு வீட்டுக்கு வந்தார். "இன்னா தங்கராஜு, உம் பொண்ணு ஸ்கூல்ல சூப்பரா பேசுச்சாமே! எந்த பஸ்ல போவுது?" என்று சிரித்தார். அம்மா அந்த மீனைக் கழுவவே இல்லை.

இன்று காலை நைனா என் நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து நீட்டினார். "நான் எதையும் பாக்கலன்னு எழுதும்மா. கையெழுத்து போட்டு அவருகிட்ட குடுத்துடறேன்" என்றார். நான் ஒரு பிழையும் இல்லாமல் எழுதிக் கொடுத்தேன்.

மதகு இப்போது பகலிலேயே திறந்து கிடக்கிறது. நம் பயிர் கதிர் வாங்க இன்னும் இருபது நாள் ஆகும். நைனா வயல் பக்கமே போகவில்லை.

உன் தங்கச்சி